உறையாத ஒயின் ஜெல்லி

எங்கள் தெருவில் ஞானஸ்நானமோ கல்யாணமோ துக்கமோ எதுவானாலும், கேக்கை எந்தக் கடையில் சொல்லலாம் என்று வீட்டுக்கு வீடு அரைநாள் வாக்குவாதம் நடக்கும். ஜெல்லியைப் பற்றி வாக்குவாதமே கிடையாது. நேராக எர்லிந்தா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

எர்லிந்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆள் குட்டை, குரல் நெட்டை. எங்கள் பார்ராஸ் ஊரின் ஜீன்ஸ் துணி ஆலையில் இருபத்தேழு வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். "என் முதுகை வளைச்சுப்புட்டாங்க. வாயை மட்டும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியல" என்பாள். அது உண்மைதான். அவளுக்கு எதிரே நின்று பேசி ஜெயித்தவரை நாங்கள் பார்த்ததில்லை.

ஜெல்லி செய்ய அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில் ஜெலட்டின் தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துச் செய்ய ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் எந்த வீட்டில் தேடினாலும் உப்பு இல்லாமல் போகலாம், ஒயின் இல்லாமல் போகாது. அதனால் தண்ணீருக்குப் பதில் முழுக்க முழுக்க ஒயினையே ஊற்றினால் ருசி தூக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தாள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் அது உறையவில்லை. கணவன் ரெஃபூஹியோ அதை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் தூக்கல், மத்தபடி நல்ல சரக்கு" என்று தான் வேலை பார்த்த லாரி ஷெட் பூராவும் போய்ச் சொல்லிச் சிரித்தான். ஆறு மாதம் அவள் ஜெலட்டின் பக்கமே போகவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். ஒயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி, ஈர மணல் மாதிரி உப்பும்வரை பொறுக்க வேண்டும். பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்த தண்ணீரில் அதைக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு அடங்கிய பிறகுதான் ஒயின். "ஒயினைக் கொதிக்க விட்டா வாசனையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி மூக்குக்குப் போயிடும். நம்ம தட்டுல மிஞ்சுறது வெறும் சிவப்புத்தான்" என்பாள். கீழே பால் ஜெல்லி, மேலே ஒயின் ஜெல்லி என்று இரண்டு அடுக்கு. முதல் அடுக்கைத் தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து இரண்டாவதை ஊற்ற வேண்டும். முந்தினால் இரண்டும் கலந்துவிடும். பிந்தினால் கவிழ்க்கும்போது மேலடுக்கு தனியாக வழுக்கிக்கொண்டு போகும்.

ரெஃபூஹியோ கெட்டவனில்லை. கை நீட்டியதில்லை, குடும்பத்தைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் எட்டு மணிக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜில் அவன் பியருக்கு இடம் இருக்க வேண்டும். பியர் எடுக்கும்போதெல்லாம் அவள் ஜெல்லி அச்சுகளை ஓரமாகத் தள்ளிச் சாய்த்துவைப்பான். பதினெட்டு வருடம் அவள் செய்த ஜெல்லிகளில் பாதி சாய்ந்தே உறைந்தன. நாற்பத்தொரு வயதில் அவன் மாரடைப்பில் போனபோது எர்லிந்தா மனமார அழுதாள். நாற்பது நாள் கழித்து ஃபிரிட்ஜைத் துடைத்துக் காலி செய்து, நட்டநடுவில் ஒரே ஒரு அச்சை வைத்தாள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் ஜெல்லி அப்படியே சமமாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உட்கார்ந்து மறுபடி அழுதாள்.

அதிலிருந்து பதினேழு வருடம் அவள் வீடு அவளுடையது. பசித்தபோது சாப்பிட்டாள், தோன்றியபோது தூங்கினாள். மகள் மான்டெர்ரே நகரத்திலிருந்து வந்து போவாள். எர்லிந்தா சந்தோஷமாக இருந்தாள். இதைச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள், அவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன்: தனியாக, சந்தோஷமாக இருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் எவாரிஸ்தோ வந்து சேர்ந்தார்.

எவாரிஸ்தோ ஒரு சின்ன ஒயின் சாலையின் நிலவறையில் முப்பது வருடம் பீப்பாய் பார்த்தவர். அறுபத்துநாலு வயது, மனைவியை இழந்தவர், நெடுநெடுவென்ற ஆள். பேசுவதற்கு முன் தொப்பியை ஒருமுறை கையில் சுற்றுவார். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் ஒரு பீப்பாய் வைத்து இனிப்புச் சிவப்பு ஒயின் போட்டுவந்தார். சனிக்கிழமை தவறாமல் ஒரு பெரிய ஜாடியில் எர்லிந்தாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். பதிலுக்கு ஒரு கிண்ணம் ஜெல்லி, ஒரு காப்பி, ஒரு மணி நேரப் பேச்சு. பேச்சில் முக்கால்வாசி அவள்தான் பேசுவாள். கால்வாசி அவர் வீட்டு அத்திமரம். "ஊர்ல மத்தவங்க மரத்துல காய்க்கிறதெல்லாம் பஞ்சுங்க. என் மரத்துல காய்க்கிறதுக்குப் பேர்தான் அத்திப்பழம்" என்பார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. எர்லிந்தா அடுப்பில் ஜெலட்டினைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியை இரண்டு முறை சுற்றினார்.

"எர்லிந்தாம்மா, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

ஜெலட்டின் கொதித்துவிட்டது. கொதித்த ஜெலட்டினுக்குப் பிடிப்புப் போய்விடும். பதினேழு வருடத்தில் அவள் கெடுத்த முதல் ஜெல்லி அதுதான்.

அவள் தலைக்குள் இரண்டு கணக்கு ஓடியது. இல்லை என்றால் சனிக்கிழமை போய்விடும். சரி என்றால் வீடு போய்விடும். எட்டு மணிச் சாப்பாடு, ஓரம் தள்ளிய அச்சு, எல்லாம் கண் முன்னே வந்து நின்றன. இரண்டையும் இழக்க மனமில்லாமல் வாய் தானாக ஒன்றைச் சொன்னது.

"புனித லொரென்சோ திருநாளுக்கு மூணு வாரம் இருக்கு. உங்க கையால ஒயின் ஜெல்லி பண்ணி, தெருவே பாக்க மேசையில கவிழ்த்துக் காட்டுங்க. நின்னுதுன்னா சரின்னு சொல்றேன். ஆனா யாரையும் கேட்டுச் செய்யக் கூடாது."

எவாரிஸ்தோவுக்கு முட்டை வேகவைக்கக்கூட வராது என்று ஊருக்கே தெரியும். முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் போடும் நிபந்தனை அது. அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"அத்திப்பழம் போடலாமா?"

"என்னத்த வேணா போடுங்க."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அடுத்த வீட்டில் தோர்த்தியா ரொட்டிக் கடை வைத்திருக்கும் மிக்காயெலாவின் காது அந்தச் சுவரிலேயேதான் இருக்கும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் ஒன்று, எங்கள் தெருக்காரர்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்கள். எவாரிஸ்தோவுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. நல்ல குணத்தால் என்று நினைக்க வேண்டாம், வேடிக்கை கெட்டுவிடும் என்றுதான்.

முதல் வாரம் வந்து சொன்னார், "நிக்கலம்மா."

"என்னென்ன போட்டீங்க?"

"நீங்க போடுறதுதான். ஆறு வருஷமாப் பாக்குறேன்ல. ஒயின் மூணுல ஒரு பங்கு. அப்புறம் நம்ம அத்திப்பழம். மரத்துலேருந்து பறிச்சு, துடைச்சு, முழுசு முழுசா உள்ள போட்டேன். ராத்திரி வச்சு காலையில பாத்தா, அத்திப்பழமெல்லாம் ஒயின்ல நீச்சலடிச்சுக்கிட்டு இருக்கு!"

எர்லிந்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வேகாத பச்சை அன்னாசி, பச்சைப் பப்பாளி, பச்சை அத்திப்பழம் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது ஜெலட்டினைத் தின்றுவிடும். வெல்லப்பாகில் வேகவைத்துப் போட்டால் ஒரு வம்பும் இல்லை. எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் தன் மரத்துப் பழத்தின் மேல் இவ்வளவு பெருமை உள்ள மனிதர் அதை வேகவைப்பாரா? மாட்டார். அப்படியே வைத்துக் கும்பிடுவார்.

'வேக வையுங்க' என்று சொல்ல இரண்டே சொல் போதும். எர்லிந்தா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு காப்பி ஊற்றினாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் விரலில் கட்டோடு வந்தார். பாகு தெறித்த கதையையும், ஜெலட்டின் தூளைக் கொட்டித் தரையெல்லாம் வழுக்கிய கதையையும், உறையாத ஒயினைக் குடித்த கோழி சுவரைப் பார்த்துக் கூவிய கதையையும் நின்றுகொண்டே நடித்துக் காட்டினார். எர்லிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் போன பிறகு வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. பதினேழு வருடமாக அவளுக்குப் பிடித்த அந்த அமைதி அன்று கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது.

மிக்காயெலா சுடச்சுட ரொட்டியோடு வந்தாள். "அக்கா, அந்த மனுசன்கிட்ட சொல்லித் தொலைங்களேன். எனக்கே பாவமா இருக்கு."

"சொன்னா ஜெயிச்சுடுவாரு."

"ஜெயிச்சா என்ன, தலையையா எடுத்துடுவாரு?"

"நீ ரொட்டியை வச்சுட்டுப் போ."

"ம்க்கும். மதில் மேல பூனை மாதிரி உக்காந்திருக்கீங்க. எந்தப் பக்கம் குதிக்கப் போறீங்கன்னு தெரு பூரா பாத்துக்கிட்டு இருக்கு."

மூன்றாவது சனிக்கிழமை எவாரிஸ்தோ ஜெல்லியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஜாடியைக் கொடுத்தார், காப்பி குடித்தார். எப்படிப் போகிறது என்று அவளாகக் கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். எர்லிந்தாவுக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் இப்போது எப்படிச் சொல்வது? முதல் வாரமே தெரியும், வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றல்லவா சேர்த்துச் சொல்ல வேண்டும்! யாரிடமும் எதற்கும் வெட்கப்படாத எர்லிந்தா தன்னை நினைத்து வெட்கப்பட்டாள். அவர் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, கூப்பிடவில்லை.

திருநாள் வந்தது. பூசை முடிந்து, வாய்க்காலோரம் பெக்கான் மரங்களின் நிழலில் நீள மேசைகள் போட்டிருந்தோம். எங்கள் தெரு வழக்கப்படி அவரவர் ஜெல்லியை அச்சோடு கொண்டுவந்து அங்கேயே, எல்லார் கண் முன்னாலும் கவிழ்க்க வேண்டும். நின்றால் கைதட்டு. சரிந்தால் செய்தவரே அதை உறிஞ்சிக் குடிக்க வேண்டும், ஒரு சொட்டு விடாமல். ஆகஸ்ட் வெயிலில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பதால் அச்சை வெந்நீரில் ஒரு மூச்சு முக்கி எடுத்து, தட்டை மேலே மூடி, 'இயேசுவே' என்று புரட்டுவார்கள். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அன்று பதினோரு ஜெல்லி நின்றது. எர்லிந்தாவுடையது வழக்கம்போலக் கோபுரமாக நின்றது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக எவாரிஸ்தோ வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. இரண்டு கையாலும் அச்சைக் குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வந்தார். மேலே ஈரத்துணி மூடியிருந்தது.

"மாப்ளை வந்துட்டாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் அச்சை வெந்நீரில் முக்கி எடுத்தார். துணியை விலக்கித் தட்டை மூடினார். அந்த ஒரு நொடியில் எர்லிந்தா உள்ளே பார்த்துவிட்டாள். தோல் மினுங்க, முழு முழுப் பழம். பச்சை அத்திப்பழம். வேகாதது.

இவ்வளவு பேர் முன்னால் அது கொட்டப்போகிறது. அந்த வெள்ளைச் சட்டையில் கொட்டப்போகிறது. தெரு சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை வாசலில் யார் நிற்பார்கள்?

"கவிழ்க்காதீங்க!"

அவள் குரல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"கவிழ்க்காதீங்க, அது நிக்காது. அத்திப்பழத்தை வேக வைக்கணும். பச்சையாப் போட்டா ஜென்மத்துக்கும் உறையாது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தேன். நான் பண்ணுனது தப்பு."

எர்லிந்தா வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தரம். மிக்காயெலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

எவாரிஸ்தோ அவளைப் பார்த்தார். கோபமில்லை. முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

"எனக்கும் தெரியும்மா" என்றார். அச்சைக் கவிழ்த்தார்.

ஒயின் ஜெல்லி என்று வந்தது ஒயின் வெள்ளமாகப் போயிற்று. வெள்ளை மேசைவிரிப்பு பூராவும் சிவந்தது. பத்துப் பன்னிரண்டு அத்திப்பழங்கள் உருண்டோடி, இரண்டு வாய்க்காலில் போய் விழுந்தன. அவர் சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது. தெரு ஓவென்று கத்திவிட்டு, அவர் என்ன சொன்னார் என்பது உறைத்ததும் சட்டென்று அடங்கியது.

"தெரியுமா? எப்பத்துலேருந்து?" என்று கேட்டாள் எர்லிந்தா.

"ரெண்டாவது வாரக் கடைசியில. முப்பது வருஷம் பீப்பாய் பாத்தவன்மா நான். ஒயின் கெட்டுப்போனா ஒவ்வொண்ணா விலக்கிப் பாப்போம், எதால கெட்டுச்சுன்னு. பழத்தை விலக்கிப் பாத்தேன், நின்னுச்சு. அப்ப பழந்தான் கோளாறு. அப்புறம் பழத்தை வேக வச்சுப் போட்டுப் பாத்தேன், அதுவும் நின்னுச்சு. வீட்டு ஃபிரிட்ஜ்ல இப்பவும் ஒண்ணு நின்னுக்கிட்டு இருக்கு, ஜம்முன்னு."

"அதைக் கொண்டாராம இதை ஏன்யா கொண்டாந்தீங்க?" எர்லிந்தா கத்தியே விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தாலா வேறெதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி ஒருமுறை சுற்றினார்.

"அதைக் கொண்டாந்திருந்தா நீங்க சரின்னு சொல்லித்தான் ஆகணும். நாக்கு சொன்ன சொல்லுக்காக வருவீங்க. அப்படி வந்து என் வீட்டுல நீங்க உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியாது. நீங்க தனியா எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்கன்னு ஆறு வருஷமாப் பாத்திருக்கேன். இப்ப பந்தயத்துல நான் தோத்துட்டேன். உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. சனிக்கிழமை எப்பவும்போல ஒயின் கொண்டாறேன். அதுல ஒரு மாத்தமும் இல்ல."

சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து, வழக்கப்படி தட்டைத் தூக்கி உறிஞ்ச ஆரம்பித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எர்லிந்தாவிடம் ஜெயிக்க நினைத்தவர்கள் எத்தனையோ பேர். அப்பா, ஆலை மேஸ்திரி, ரெஃபூஹியோ, நாங்கள் எல்லாரும். கையில் ஜெயத்தை வைத்துக்கொண்டு, அதை வீட்டு ஃபிரிட்ஜில் பூட்டிவிட்டு, தெருவே பார்க்கத் தோற்றுக் காட்டிய ஆளை அவள் பார்த்ததில்லை.

மிக்காயெலா மெதுவாக முழங்கையால் இடித்தாள். எர்லிந்தா அவள் கையைத் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"தட்டைக் கீழ வைங்க."

வைத்தார். மீசையெல்லாம் சிவப்பு.

"அன்னைக்கு அடுப்படியில ஒண்ணு கேட்டீங்கல்ல? அதை இப்பக் கேளுங்க."

"பந்தயம்..."

"பந்தயம் போயிடுச்சு, வாய்க்கால்ல போயிடுச்சு. சும்மா கேளுங்க."

அவர் எழுந்து நின்றார். தொப்பியைச் சுற்ற மறந்துபோனார்.

"எர்லிந்தாம்மா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

"என் வீட்டை விட்டு நான் வர மாட்டேன்."

"நான் வர்றேன்."

"எட்டு மணிக்குச் சாப்பாடு கேக்கக் கூடாது."

"எனக்கு ராத்திரிப் பசியே கிடையாதும்மா."

"அத்திமரத்தை என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது நடந்து வராது. நான் தினம் நடந்து போய்ப் பறிச்சுட்டு வர்றேன்."

தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எர்லிந்தா சுற்றிலும் ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் யாருக்கும் எதற்கும் அவ்வளவு சுதந்திரமாக அவள் பதில் சொன்னதில்லை.

"சரி" என்றாள்.